எடைக்கு வந்த செம்பு

ரேஷன் கடையில் மூன்றாம் முறையும்
என் கட்டைவிரல் பதியவில்லை.
“ரேகை விழல, துடைச்சிட்டு வைங்க” என்றார் கருப்பணன்.
துடைத்து வைத்தேன். விழவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
எப்படிச் சொல்வது,
பிழைப்பே அச்செடுப்பது என்று.
பன்னிரண்டு வருஷச் சுண்ணாம்புத் தூளும் எமரித் தாளும்
தகட்டோடு சேர்த்து
என்னையும் தேய்த்திருக்கின்றன.

தேவகோட்டை ரஸ்தாவில், மாவு மில்லுக்குப் பின்னால்
என் தகரக் கொட்டகை.
சக்கரம் வைத்த இரும்பு உருளையைப் பார்த்து
கரும்பு ஜூஸ் எப்ப போடுவீங்க என்று
இன்னமும் கேட்கிறார்கள்.
சென்னையிலிருந்து வருகிறவர்கள் வேறு மாதிரி:
அவர்களுக்குத் தூண் வேண்டும், நிலைக்கதவு வேண்டும்,
ஆத்தங்குடித் தரை வேண்டும்.
நான் ரயில்வே கேட்டை வரைந்துகொண்டிருந்தேன்.

செம்பு விலை ஏறிப்போன ஆடியில்
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஒரு பெரிய தாம்பாளம் எடுத்தேன்.
வெல்டிங் பட்டறை அசன் விளிம்பை வெட்டி
அடித்துத் தட்டையாக்கிக் கொடுத்தான்.
மெழுகும் தாரும் உருக்கிப் பூசி
மெழுகுவத்திப் புகையில் கறுப்பேற்றி
ஊசியால் திறந்தேன்
மூடிய கேட்டை.
பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறவன்,
பால்கேன், பள்ளிக்கூட வேன்,
ஹெல்மெட்டைக் கழற்றித் தலை சொறியும் போலீஸ்காரர்,
மானாமதுரைக்குப் போகிற ரயில்.

ஊசி செம்பை வெட்டுவதில்லை.
மெழுகை மட்டும் விலக்கும்.
வெட்டுவதெல்லாம் கரைசல்,
கஷாய நிறத்தில், சத்தமில்லாமல்.
வானத்துக்கு ஐந்து நிமிஷம்,
மின்கம்பிக்குப் பதினைந்து,
கேட்டுக்கு நாற்பது.
அந்த நாற்பதில் ஒரு டீயும் குடித்து
தம்பியோடு பணச் சண்டையும் போட்டு முடித்திருந்தேன்.

மை தேய்த்து, துடைத்து,
நனைத்த தாளை மேலே பரப்பி,
கம்பளம் மூடி, சக்கரத்தைச் சுற்றி
முதல் பிரதியை உரித்தேன்.
ரயில் காரைக்குடிக்குத் திரும்பியிருந்தது.
அது எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது வலது மூலையில்,
புள்ளி புள்ளியாக ஒரு வரி.
மெழுகு பிடிக்காத ஓரத்தில் கரைசல் புகுந்து
பழைய ஈயத்தைத் தின்று
எப்போதோ உளி கொத்தியதைத் திறந்துவிட்டிருக்கிறது.
கொம்பு, எழுத்துக்குப் பின்னால் நின்றது.
ஈரத் தாளை வாசலுக்குத் தூக்கிப்போய்
ஸ்கூட்டர் கண்ணாடியில் காட்டினேன்:

மெ. கண்ணாத்தாள்.

கடைக்குப் போன் போட்டேன்.
எந்த வீடு, யார் கொண்டுவந்து போட்டது?
“அது எடைக்கு வந்ததும்மா,
பேருக்கு வரல.”

செம்பை மழுங்கடிக்க ஓர் எஃகுக் கருவி உண்டு.
அரை மணி நேரம் தேய்த்தால் பேர் போய்விடும்.
கையில் எடுத்துவிட்டேன்.
கேட்டுக்கு இந்தப் பக்கம், பால்கேனை ஒட்டி,
ரயில் போகட்டும் என்று நிற்கிற கூட்டத்தில்
அவளும் நிற்கிறாள்
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நிற்கட்டும்.

பதினைந்து பிரதி. கீழே பென்சிலில் எண், என் கையெழுத்து.
அப்புறம் தகட்டைக் கொல்ல வேண்டும்,
ஒப்பந்தம் அப்படி.
மூலைக்கு மூலை கோடு கிழித்து
செத்த தகட்டிலும் ஓர் அச்செடுத்து அனுப்ப வேண்டும்.
கிழித்தேன். வானம், வேன், போலீஸ்காரரின் கழுத்து.
இரண்டாவது கோடு அந்த மூலைக்கு
இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.
காட்சியகத்திலிருந்து கேட்டார்கள்:
கோடு முழுசா இல்லையே ஜெசிந்தா?
அந்த இடம் என்னுடையதில்லை என்றேன்.
புரிந்ததோ என்னவோ,
பாதிப் பணம் வந்தது.

இந்த மாதம் ரேஷனில் புதுக் கருவி.
கண்ணைக் காட்டச் சொன்னார் கருப்பணன்.
விழுந்தது.
துவரம்பருப்பு ஒரு கிலோ, சர்க்கரை ஒன்றரை,
பாமாயில் அடுத்த வாரமாம்.
திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.